தட்டு சுட வேண்டும்

தாம்பரம் மேம்பாலத்தில், ஏற்றம் முக்கால்வாசி முடிந்த இடத்தில், என் வண்டி நின்றுவிட்டது.

காலை ஒன்பது மணி இருக்கும். எனக்குப் பின்னால் ஒரு டவுன் பஸ். அதற்குப் பின்னால் கிழக்குத் தாம்பரமே திரண்டு வந்த மாதிரி ஹாரன் சத்தம். கைப்பிடியை முறுக்கினேன். அசைவில்லை. பெட்ரோல் வண்டி என்றால் நிற்பதற்கு முன் நாலு தடவை இருமும், நமக்கும் மனதைத் தேற்றிக்கொள்ள நேரம் கிடைக்கும். பேட்டரி வண்டிக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. ஓடிக்கொண்டிருந்தது, ஓடவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு கையாலும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டேன். விட்டால் வண்டி பின்னால் உருண்டு பஸ்ஸின் மூக்கில் போய் முட்டும். தார் அப்போதே சூடேறி வாடை அடித்தது. கீழே ஒரு மின்ரயில் கடந்தது. அதன் அதிர்வு பிரேக் பிடித்திருந்த விரல்கள் வரை வந்தது.

கண்டக்டர் படியில் தொங்கியபடி கத்தினார். "இன்னாம்மா, நடு பிரிட்ஜுல வண்டிய நிறுத்திகினு குந்தினுகீற?"

"எழுந்து ஓடச் சொல்றீங்களா?" என்றேன்.

அப்போதுதான் என் காலில் மாட்டியிருந்த இரும்புப் பட்டை அவர் கண்ணில் பட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு இறங்கி வந்தார். அவரும் பஸ்ஸிலிருந்து இறங்கிய இன்னும் இரண்டு பேரும் என்னை வண்டியோடு உச்சி வரை தள்ளிவிட்டார்கள். "பத்திரமா போம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினார்.

நல்ல மனிதர். என் கோபமெல்லாம் இப்படிப்பட்ட நல்ல மனிதர்கள் மேல்தான். திட்டுகிறவனைத் திருப்பித் திட்டிவிடலாம். தள்ளிவிடுகிறவருக்கு நன்றியல்லவா சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது! அந்த வாரத்தில் நான் சொன்ன மூன்றாவது நன்றி அது.

இந்தத் தொடருக்குப் புதியவர்களுக்காக ஒரு வரி: சின்ன வயதில் வந்த போலியோ என் இடது காலின் பலத்தைத் தன்னோடு கொண்டுபோய்விட்டது. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டிக்கு மோட்டார் பொருத்திய கதையைப் போன வாரம் சொன்னேன். "அப்புறம் என்ன, ராணி மாதிரி வலம் வந்திருப்பீர்களே" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ராணி பாலத்தில் நின்ற கதையைத்தான் இப்போது சொல்கிறேன்.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் எனக்கு வேலை. புகார்ப் பிரிவு. தண்ணி வரலை, தண்ணி நிக்கலை, தண்ணி கசக்குது, உங்க ஆள் வரேன்னு சொல்லி நாலு நாளாச்சு. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊராரின் வசவை வாங்கிப் பதிவு செய்ய வேண்டும்.

அதில் எனக்கு ஒரு ருசி உண்டு என்று சொன்னால் சிரிப்பீர்கள். போனில் திட்டுகிறவர்களுக்கு என் கால் தெரியாது. அவர்கள் தருவது கலப்படமில்லாத வசவு. எல்லாருக்கும் கிடைக்கிற அதே வசவு.

அலுவலகம் முதலில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி இருந்தது. பிறகு குரோம்பேட்டைக்கு மாற்றிவிட்டார்கள். அதாவது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். தண்டவாளத்தைத் தாண்டப் பாலம் ஏற வேண்டும். (வேறு வழி சொல்லிக் கடிதம் எழுத நினைப்பவர்களுக்கு: எல்லா வழியும் பார்த்தாகிவிட்டது. சில வழிகளில் படி இருக்கிறது. சில வழிகளில் நான் சாயங்காலம்தான் போய்ச் சேருவேன்.)

முதல் இரண்டு வாரம் என் தம்பி பாஸ்கர் பைக்கில் கொண்டுபோய் விட்டான். அவன் வேலை கூடுவாஞ்சேரியில் ஒரு அச்சகத்தில். எனக்கு நேர் எதிர்த் திசை. என்னை வடக்கே இறக்கிவிட்டு, ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூர் நெரிசலைத் தாண்டித் தெற்கே போவதற்குள் அவனுக்கு அங்கே அரை நாள் போய்விடும். ஒருநாள் அவன் முதலாளி அவனை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசியிருக்கிறார். அதை அவன் என்னிடம் சொல்லவில்லை. அவன் மனைவி சொன்னாள்.

மோட்டார் பொருத்தியது அதனால்தான். அது பாலத்தில் நின்றதும், எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவரும் நல்ல மனிதர்தான், வேறென்ன!

"மீனாட்சி மேடம், ஏன் இவ்வளவு ஸ்ட்ரெயின் பண்ணிக்கிறீங்க? போன் வேலைதானே. வீட்டுலயே லைன் போட்டுத் தர்றோம். நிம்மதியா உட்கார்ந்து பாருங்க. நெக்ஸ்ட் வீக் மண்டேல இருந்து மாத்திடவா?"

"மண்டே வரைக்கும் டைம் கொடுங்க சார்" என்றேன்.

எல்லாருக்கும் அது நியாயமான ஏற்பாடாகத் தெரிந்தது. பாஸ்கருக்கும்கூட. "அக்கா, எவ்ளோ பேரு இதுக்கு ஏங்குறாங்க தெரியுமா?" என்றான். ஏங்கட்டும். எனக்கு வீடு தெரியும். இருபது வயதிலிருந்து முப்பத்திரண்டு வயது வரை வீட்டில் இருந்திருக்கிறேன். எந்த நேரத்தில் எந்தச் சுவரில் வெயில் விழும், பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடிக்கும் என்பதெல்லாம் மனப்பாடம். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு வெளியே வந்தவள் நான். திரும்பப் போகச் சொன்னால் எப்படிப் போவேன்?

"நீ உட்காரும்மா"

இந்த இடத்தில் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் பள்ளியில் காலை வணக்கம் மைதானத்தில் நடக்கும். எல்லாரும் வரிசையாக நிற்பார்கள். "நீ கிளாஸ்லயே உட்காரும்மா" என்பார் டீச்சர். பிள்ளைகள் எல்லாரும் திரும்பி வரும்வரை காலி பெஞ்சுகளோடு நான் உட்கார்ந்திருப்பேன். விளையாட்டு நேரத்தில், ஆண்டு விழாவில், அறிவியல் கண்காட்சிக்கு மற்றவர்கள் பஸ் ஏறியபோது, எல்லாவற்றுக்கும் அதே "உட்காரும்மா"தான். ஒருமுறை கணக்கில் தப்புத் தப்பாகப் போட்டு வைத்திருந்தேன். மற்றவர்களுக்கு ஸ்கேலால் அடி. என் நோட்டைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லம்மா" என்று மூடிக் கொடுத்துவிட்டார். அந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை வராது.

அன்பாகச் சொன்னதுதான். எனக்குத் தெரியும். ஆனால் தப்பைத் தப்பென்று சொல்லாத அன்பினால் எனக்கு ஒரு பைசா லாபமில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஸ்வெட்டர் போட்ட பெட்டி

கேம்ப் ரோட்டில் ஆரோக்கியராஜ் கடை. இன்வெர்ட்டர், ஆம்ப்ளிஃபையர், பேட்டரி வண்டி எல்லாம் பார்ப்பார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். எனக்கு மோட்டார் பொருத்தித் தந்தவரும் அவர்தான். ஞாயிறு தவறாமல் சர்ச்சில் சவுண்டு சிஸ்டம் அவர் பொறுப்பு. கையில் சால்டரிங் கம்பி சுட்ட தழும்பில்லாத இடமே கிடையாது.

சீட்டைத் தூக்கிப் பார்த்தார். "மோட்டார்ல ஒண்ணும் இல்லக்கா. பேட்டரியும் ஜோரா கீது. இத்தான் பேஜார் பண்ணிகினுகீது" என்று கன்ட்ரோலரைத் தட்டிக் காட்டினார்.

பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருந்துகொண்டு, எவ்வளவு மின்சாரம் போகலாம் என்று முடிவு செய்யும் சின்ன அலுமினியப் பெட்டிதான் கன்ட்ரோலர். சமதரையில் அதற்கு வேலை குறைவு. ஏற்றத்தில் மோட்டார் மின்சாரத்தை இழுக்க இழுக்க, இந்தப் பெட்டி கொதிக்கும். கருகிப்போவதற்கு முன்னால் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். பத்து நிமிடம் ஆறினால் மறுபடி உயிர் வரும்.

அதை நான் எங்கே வைத்திருந்தேன் தெரியுமா? மழைக்குப் பயந்து, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள். மூடியைச் சுற்றி டேப்பும் ஒட்டியிருந்தேன். ஒட்டியபோது ரொம்பப் பெருமையாக இருந்தது.

"சித்திரை வெயில்ல ஸ்வெட்டர் போட்டு ஓட வுட்டுகீறீங்க" என்றார் ஆரோக்கியராஜ்.

"அப்ப ஃபேன் வைக்கலாமா?"

"ரோட்டுத் தூசில ஒரு மாசம் தாங்காதுக்கா."

"ஆம்ப்ளிஃபையர்ல பின்னாடி சீப்பு மாதிரி பல்லு பல்லா இருக்குமே?"

"அந்த சைஸ்ல கெடைக்காது. கெடைச்சாலும் சேறு அடைச்சிக்கும். இதுக்கு சப்பையா ஒரு அலுமினிய பிளேட் போதும். பெர்சா, கனமா, சமமா இருக்கணும். இந்தப் பொட்டி தன் சூட்டைப் பிளேட்டுக்குத் தள்ளும். பிளேட்டு காத்துக்குத் தள்ளிடும். சீட்டுக்குப் பின்னாடி நிக்க வெச்சு மாட்டிடலாம்."

எனக்கு அந்த யோசனை உடனே பிடித்துப்போனது. மோட்டாரைப் பெரிதாக்கு, பேட்டரியை மாற்று என்று சொல்லாமல், வெறும் ஒரு தட்டு என்றார். அந்தத் தட்டைத் தேடி எடுக்க என்னாலும் முடியும்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமை

பாஸ்கரை அரை நாள் லீவு போட வைத்து, பல்லாவரம் வெள்ளிச் சந்தைக்குப் போனோம். பழைய டி.வி., கழற்றிய கதவு, கிளிக் கூண்டு, பல் செட்டு, எதுவும் கிடைக்கும் இடம். இரும்புச் சாமான் கடைகள் இருந்த வரிசையில் பழைய இயந்திரங்களைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கும் வெயிலும் கலந்த வாடை.

ஸ்கேலைத் தட்டின் மேல் செங்குத்தாக நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார் ஆரோக்கியராஜ். வெளிச்சம் தெரிந்தால் தட்டு வளைந்திருக்கிறது என்று அர்த்தம். நான் ஒரு முக்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டேன். முதல் தட்டில் வெளிச்சம். இரண்டாவதிலும் வெளிச்சம். மூன்றாவது தட்டின் நடுவில் ஒரு பள்ளம்.

"இன்னாக்கா, பிளேட் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்றார் கடைக்காரர்.

"பொண்ணுன்னா இவ்ளோ பார்க்க மாட்டேன்" என்றேன்.

ஆறாவது தட்டு தேறியது. இரண்டு கை அகலம், சுண்டுவிரலில் பாதி கனம். ஸ்கேலுக்கு அடியில் எங்கே பார்த்தாலும் இருட்டு. மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் வரும்போது அது வெயிலில் சுட்டு, புடவைக்கு மேலேயே உறைத்தது. பாஸ்கர் வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தான்.

மறுநாள் காலை தட்டை ஆரோக்கியராஜ் கடைக்குக் கொண்டுபோனேன். எங்கள் வீட்டில் எந்தப் புதுப் பொருளையும் பொட்டு வைக்காமல் பயன்படுத்தும் பழக்கமில்லை. மிக்ஸிக்கும் உண்டு, மொபைலுக்கும் உண்டு. கையோடு சந்தனமும் குங்குமமும் எடுத்துப் போயிருந்தேன். பெஞ்சில் தட்டை வைத்து, நட்ட நடுவில் பெரிதாகச் சந்தனத்தை அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்து, கண்ணை மூடி நன்றாக வேண்டிக்கொண்டேன். பாலத்தை ஏற்றிவிடு என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது ஆரோக்கியராஜ் பனியனில் கையைத் துடைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றிருந்தார். பிறகு, "நீங்க வூட்டுக்குப் போங்கக்கா. சாயங்காலம் ரெடியா இருக்கும்" என்றார்.

ஐஸ் மாதிரி இருந்தது

அன்று சாயங்காலமே சோதனை ஓட்டம். நான் முன்னால், ஆரோக்கியராஜ் தன் ஸ்கூட்டரில் பின்னால். பாலத்தின் அடிவாரத்தில் வேகமெடுத்தேன். பாதி தாண்டியது. முக்கால் வந்தது. வண்டி நின்றது.

அதே இடம். விளக்குக் கம்பத்தில் கிழிந்த டியூஷன் சென்டர் போஸ்டர் இருக்குமே, அதே கம்பத்துக்கு நேராக.

பின்னால் கையை விட்டுத் தட்டைத் தொட்டுப் பார்த்தேன். குளுகுளுவென்று இருந்தது. அந்த நிலைமையிலும் எனக்கு ஒரு சந்தோஷம். "பாருங்க, பிளேட் ஐஸ் மாதிரி இருக்கு. அப்ப சூடு காரணம் இல்ல. வேற ஏதோ கோளாறு" என்றேன்.

ஆரோக்கியராஜ் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து தட்டைத் தொட்டார். பிறகு சீட்டுக்குள் கையை விட்டுக் கன்ட்ரோலரைத் தொட்டார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"அக்கா, பிளேட்டு சுடணும்க்கா. பிளேட்டு சுடலைன்னா சூடு அதுக்கு வரலைன்னு அர்த்தம். உள்ள அவன் வெந்துகினுகீறான்."

"ஏன் வரலை?"

அவர் என் முகத்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், கீழே போகும் ரயிலைப் பார்த்தார். "ஸ்க்ரூ லூசா இருக்கும். டைட் பண்ணிப் பாக்குறேன்" என்றார். அங்கேயே, பாலத்தின் மேலேயே ஸ்பேனரை எடுத்து நாலு ஸ்க்ரூவையும் நரம்பு புடைக்க முறுக்கினார். வண்டி ஆறியதும் கீழே இறங்கி மறுபடியும் ஏறினோம். மறுபடியும் அதே கம்பம். இந்த முறை அவரே தள்ளினார்.

அன்று வீட்டுக்கு வந்து நான் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது? குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். இன்னும் இருந்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

நானே பிரித்தேன்

ஞாயிறு காலை ஆரோக்கியராஜ் சர்ச்சில் இருப்பார். பாஸ்கரிடம் ஸ்பேனரைக் கேட்டேன்.

"உனக்கு எதுக்கு?"

"காது குடையறதுக்கு. குடுடா."

வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தேன். எனக்குத் தரையில் உட்கார்ந்து செய்யும் எந்த வேலையும் கை வந்த வேலை. நாலு ஸ்க்ரூவையும் கழற்றினேன். அவர் முறுக்கியிருந்த முறுக்கில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கையும் வேண்டியிருந்தது. கன்ட்ரோலரைத் தட்டிலிருந்து பிரித்துத் திருப்பினேன்.

நட்ட நடுவில் என் பொட்டு.

காய்ந்து, சூட்டில் வெந்து, ஓடு மாதிரி கெட்டியாகி, கன்ட்ரோலருக்கும் தட்டுக்கும் நடுவில் கால் வைத்த மாதிரி நின்றிருந்தது. இரண்டுக்கும் இடையில் சின்னச் சின்ன மேடு பள்ளத்தை நிரப்பி, சூட்டைக் கடத்த ஒரு வெள்ளைப் பசை தடவுவார்கள். அந்தப் பசையை ஆரோக்கியராஜ் தடவியிருந்தார். எப்படி? பொட்டின் விளிம்பில்கூடப் படாமல், அதைச் சுற்றி வட்டமாக, கோலத்துக்குக் கரை கட்டுகிற கவனத்தோடு. எந்த இடத்தில் பெட்டி கொதிக்கிறதோ, சரியாக அந்த இடத்தில் தட்டு அதைத் தொடவே இல்லை.

சர்ச் முடிகிற நேரம் பார்த்துப் போன் செய்தேன்.

"ஆரோக்கியம், நடுவுல பொட்டு இருக்கு."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "தெரியும்க்கா."

"தெரிஞ்சுதான் மேல மாட்டினீங்களா?"

"நீங்க கண்ணை மூடி அப்படி வேண்டிகினு வெச்சீங்க. நான் எப்படிக்கா துணிய எடுத்துத் தொடைக்கிறது? அதுவும் நான். மனசே வரல. மெல்லிசா இருக்கும், ஸ்க்ரூ டைட் பண்ணா நசுங்கிடும்னு நெனைச்சேன்."

"பாலத்துலயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். உங்க மூஞ்சப் பாத்தேன். வரல."

எனக்குக் கோபம் வந்தது. உண்மையான கோபம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை. சந்தனத்தை அப்பியது நான். தொழில் தெரிந்த மனிதர், இரண்டு தடவை என்னோடு பாலம் ஏறித் தோற்று, என் மனம் நோகக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார். இந்த மரியாதையினால் நான் திங்கட்கிழமை முதல் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பேன். "பரவாயில்லம்மா" என்று நோட்டை மூடிக் கொடுத்த டீச்சர்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

"இங்க பாருங்க" என்றேன். "என் சாமி கோவிச்சுக்காது. நான்தான் கோவிச்சுக்குவேன். இனிமே என் வண்டில எது தப்பா இருந்தாலும், அதை நானே வெச்சிருந்தாலும், மூஞ்சிக்கு நேரா சொல்லணும். சொல்வீங்களா?"

"சொல்றேன்க்கா" என்றார். ஒரு நொடி கழித்து, "அப்ப இன்னொண்ணும் சொல்லிடறேன். நீங்க ஹாரனை ரொம்ப அமுக்குறீங்க. பேட்டரிக்கு நல்லதில்ல" என்றார்.

குங்குமத்துக்கு இன்னொரு வேலை

சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குள் பொட்டை நானே சுரண்டி எடுத்து, தட்டை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தேன். அவர் பைக்குள் எதையோ துழாவிவிட்டு, "கலர் ஏதாச்சும் கீதாக்கா? எங்க தொடுது, எங்க தொடலைன்னு பாக்கணும்" என்றார்.

குங்குமச் சிமிழை நகர்த்தி வைத்தேன். அவர் தயங்கினார்.

"எடுங்க" என்றேன். "இப்பதான் பேசினோம்."

குங்குமத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, கன்ட்ரோலரின் அடிப்பக்கத்தில் மெல்லிசாகப் பூசி, தட்டின் மேல் அமுக்கி எடுத்தார். தட்டில் நாலு ஸ்க்ரூ ஓட்டைகளைச் சுற்றி மட்டும் சிவப்பு ஒட்டியிருந்தது. மற்ற இடமெல்லாம் வெள்ளை. ஓட்டை போட்டபோது விளிம்பில் எழுந்த பிசிறு பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. "இது என் தப்பு. பாக்காம வுட்டுட்டேன்" என்றார் உடனே. கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது!

அரம் என் கையில். அவர் அமுக்கிப் பார்ப்பார், நான் ராவுவேன். அலுமினியத் தூள் பாயெல்லாம் மினுமினுத்தது. மூன்றாவது தடவை பாதி சிவப்பு. ஏழாவதோ எட்டாவதோ தடவை, பெட்டியின் வடிவம் முழுசாகத் தட்டில் சிவப்பாகப் பதிந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு சுத்தமாகத் துடைத்து, வெள்ளைப் பசையைப் பேப்பர் கனத்துக்குத் தடவி, மாட்டினோம். பொட்டைக் கைப்பிடியில் வைத்தேன். அங்கே சூடு கிடையாது.

பாலத்துக்குப் போக நேரமில்லை. மழை வேறு தூற ஆரம்பித்திருந்தது. பாரம் இழுப்பதும் ஏற்றம் ஏறுவதும் மோட்டாருக்கு ஒன்றுதானே? மடியில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை, பின்னால் பாஸ்கர். தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பத்தாவது சுற்றோ என்னவோ, பின்னாலிருந்து ஒரு அலறல்.

"ஐயோ! சுடுதுக்கா! காலு, காலு!"

பாஸ்கரின் கெண்டைக்கால் தட்டில் பட்டுவிட்டது. நானும் ஆரோக்கியராஜும் கையைத் தட்டிச் சிரித்தோம். தன் காலில் கொப்புளம் வந்ததை நாங்கள் கொண்டாடியதை அவன் இன்னும் மன்னிக்கவில்லை.

திங்கட்கிழமை

யாரும் கூட வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பாஸ்கர் வாசலில் நின்று, "அக்கா, பின்னாடி தூரமா வரேன், உனக்குத் தெரியக்கூடத் தெரியாது" என்றான். "கூடுவாஞ்சேரிக்குப் போ" என்றேன்.

பாலத்தின் அடியில் ஒரு நிமிஷம் நின்று மூச்சு விட்டுக்கொண்டேன். பிறகு ஏறினேன். பாதி. முக்கால். கிழிந்த போஸ்டர் ஒட்டிய கம்பம் வந்தது. அதைப் பார்க்காமல் நேராகச் சாலையைப் பார்த்தேன். கம்பம் பின்னால் போனது. மோட்டார் அதே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது.

அப்போது வண்டி திடீரென்று லேசாகிவிட்டது. கைப்பிடியில் பாரமே இல்லை. திரும்பிப் பார்த்தால், பைக்கில் வந்த யாரோ ஒருவர் என் வண்டியின் பின் கம்பியில் ஒரு காலை வைத்து மிதித்துத் தள்ளிக்கொண்டு வருகிறார். ஹெல்மெட்டுக்குள் நல்ல சிரிப்பு.

"காலை எடுங்க!" என்று கத்தினேன்.

"பரவால்லக்கா, ஹெல்ப்தான். மேல வரைக்கும் வுட்டுர்றேன்."

"ஹெல்ப் வேணாம். வண்டி தானாப் போகுது. எடுங்க காலை!"

எடுத்துவிட்டார். எடுத்ததும் வண்டி ஒரு முழம் தொய்ந்தது. வீராப்பு பேசி இன்னொரு தடவை நடுப்பாலத்தில் நிற்கப் போகிறோமா என்று பயந்தேன். கைப்பிடியை விடாமல் முறுக்கிப் பிடித்தேன். மெதுவாகத்தான், நடக்கிறவர் வேகத்தில்தான், ஆனால் நிற்காமல் ஏறியது. அவர் என்னைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். உச்சி வந்தது. மேற்குத் தாம்பரம் கீழே தெரிந்தது. நான் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சானடோரியம் தாண்டி, குரோம்பேட்டை போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. புடவையெல்லாம் புழுதி. மேனேஜர் என் மேசைக்கு வந்தார். வீட்டில் லைன் போடுவதற்கான பேப்பரை எடுத்து வந்திருந்தார், கையெழுத்துக்கு.

"வேணாம் சார். நான் வந்துட்டேன்" என்றேன்.

அவர் பேப்பரை மடித்தபடி, உண்மையான அக்கறையோடு கேட்டார். "இன்னிக்கு வந்துட்டீங்க மேடம். டெய்லி முடியுமா? ஒருநாள் முடியலைன்னா?"

"முடியலைன்னா, நேர்ல வந்து சொல்றேன் சார்" என்றேன்.